இன்ஜினுக்கு நல்லது

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறவர்களிடம் ஒரு ரகசியப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டோம். ஆனால் சர்வீஸ் சென்டரின் ஏசி அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் வண்டிக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஃபோனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அவரிடம் வண்டி இருக்கிறது, நமக்கு வண்டியைத் தெரியும் என்கிற சிரிப்பு. வைத்திருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல், தூக்கிப் போடுவதைவிடச் சரிசெய்வது மேல், காசு கொடுத்துச் செய்துகொள்வதைவிடத் தன் கையால் செய்வது மேல். இந்த மூன்று நம்பிக்கையும் சேர்ந்ததுதான் அந்தப் பெருமை. மூன்றையும் நானும் நம்புகிறேன். ஆனால் இவை எல்லாமே எனக்கும் வண்டிக்கும் இடையில் நடப்பவை. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அவரிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

என்னிடம் இருப்பது 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. சித்தப்பா ஓட்டியது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து தயாரித்தது. 98 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோதான் என்பதால் அந்தப் 11 குதிரைகளுக்கும் பெரிய வேலை கிடையாது, ஓடுவது மட்டும்தான். உற்பத்தி நின்று முப்பது வருஷமாகப் போகிறது. நல்ல கண்டிஷனில் இருக்கும் ஒன்றுக்கு இன்று கேட்கிற விலையில் புது 100 சிசி வண்டியே வாங்கிவிடலாம். இருந்தாலும் வாங்குகிறார்கள். சத்தத்துக்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒட்டாது.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அது பொய் சொல்லாது என்பது. ஒரு நாள் சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுபோகிறது. சோக் என்பது காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுவது. ஆக, பெட்ரோல் போதவில்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. அப்படியென்றால் மெயின் ஜெட்டில் பிரச்சினை இல்லை, பைலட் ஜெட்டில்தான். கார்புரேட்டரைக் கழற்றி, கீழே இருக்கும் கிண்ணத்தைத் திறந்து, அந்தச் சின்னப் பித்தளைத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை. நின்ற பெட்ரோல் காய்ந்து பிசினாகி அடைத்திருக்கிறது. ஒயரின் செப்பு நரம்பு ஒன்றைப் பிரித்தெடுத்து, உள்ளே விட்டு, ஊதி, திரும்பவும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஆகாயம். அந்தப் புள்ளியைப் பார்க்கிற சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். அதனால் இந்தச் சந்தோஷம் அடிக்கடி கிடைக்கிறது.

நான் பிழைப்புக்கு எழுதுகிற மென்பொருள் நான் பார்த்தே இராத ஊரில், பார்த்தே இராத கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. ஏதாவது நின்றுபோனால் முதலில் செய்வது ரீஸ்டார்ட். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஏன் நின்றது, ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாமலேயே டிக்கெட்டை மூடிவிடலாம். பைலட் ஜெட் அப்படி மூடவிடாது. அடைப்பு இருந்தால் இருக்கிறது, போனால் போயிற்று. என் பதவி உயர்வோ பேச்சுத் திறமையோ அதன் முன்னால் செல்லாது.

இந்த அனுபவத்துக்குத் தத்துவ மரியாதை வாங்கிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வந்தது. அதில் ஒரு இடம். பயணத்தில் கூட வருகிற நண்பனின் பிஎம்டபிள்யூ ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டின் தகட்டைக் கத்தரித்து இடையில் செருகினால் நிற்கும் என்கிறார் கதைசொல்லி. அவ்வளவு விலையுயர்ந்த வண்டியில் பீர் டின் தகடா என்று நண்பன் முகம் சுளிக்கிறான். பிர்சிக்குக்கு அது உலகத்தைப் பார்க்கிற இரண்டு விதங்களின் மோதல். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் அந்த அத்தியாயத்தையே எழுதியிருக்க முடியாது. சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளை ஃபியூஸாக்கியும், சைக்கிள் டியூபை வெட்டி வாஷராக்கியும் ஓட்டிய தேசத்தில் பீர் டின் தகடெல்லாம் உயர்தர ஸ்பேர் பார்ட்.

இன்னும் ஆழமான ஆதரவு மோட்டார் சைக்கிளோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடமிருந்து வருகிறது. ஐரிஸ் மர்டாக் 1970-இல் வெளியிட்ட 'தி சவரன்டி ஆஃப் குட்' நூலில், நல்லவனாக இருப்பதன் அடிப்படையே கவனம்தான் என்கிறார். நம் மனம் எப்போதும் தன்னைச் சுற்றியே கதை பின்னிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வட்டமிடுகிற ஒரு வல்லூறைப் பார்க்கிற கணத்தில் அந்தக் கதை அறுந்து, பறவை மட்டும் இருக்கிறது. ஒரு அந்நிய மொழியைக் கற்கும்போதும் அப்படித்தான். என் விருப்பத்துக்கு வளையாத ஒன்று எதிரே நிற்கிறது, அதற்கு நான்தான் பணிய வேண்டும். இந்த 'நான்' சுருங்குவதுதான் அறத்தின் தொடக்கம் என்கிறார் மர்டாக். கார்புரேட்டர் அந்த வல்லூறுக்குச் சளைத்ததில்லை என்று பழுதுபார்க்கும் ஆட்கள் சொல்வார்கள். நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு அதில் ஒரு சந்தேகம். வல்லூறைப் பார்ப்பதால் வல்லூறுக்கு வெளியே யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. என் வண்டி அப்படியில்லை. அதைக் கவனிக்கும்போது 'நான்' சுருங்குகிறது, சரி. கூடவே மற்ற எல்லாரும் சுருங்கிக் காணாமலும் போகிறார்கள். ஒரு பொருளின் மேல் முழுக் கவனத்தைக் குவித்தவன் சுயநலமற்றவனைப் போலவே தெரிவான், தனக்கே அப்படித் தெரிவான். சுயநலம் தன் முகவரியை வண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது ஆளிடம் வந்துவிட்டேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் பார்க்கிங்கை ஒட்டித் தரைத்தளத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டு அக்கா ஒரு நாள் காலை, நான் கிக்கர் மேல் காலை வைக்கப் போகும்போது கதவைத் திறந்து, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் வெளிய தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்றீங்களா? பாப்பாவுக்கு வீசிங். நைட்டெல்லாம் நெபுலைசர் வச்சோம்" என்றார். கோபமில்லை. கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது, ஏதோ சலுகை கேட்பதுபோல. சரிக்கா என்று தள்ளிக்கொண்டு போனேன். தெருமுனையில் ஸ்டார்ட் செய்தேன். தெருமுனையில் டீக்கடை. அங்கேயும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த வாயு வெளியேற ஒரு வால்வு, புதுக் கலவை உள்ளே வர ஒரு வால்வு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம். டூ ஸ்ட்ரோக் சிலிண்டருக்குள் வால்வு கிடையாது, சுவரில் ஓட்டைகள்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் ஓட்டை திறக்கும். கொஞ்சம் தள்ளி, புதுக் கலவை வருகிற ஓட்டைகளும் திறக்கும். புதுசு உள்ளே வந்து பழசை வெளியே தள்ளுகிறது. இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருக்கிற அந்தத் துளி நேரத்தில் புதுசிலும் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடும். கால் பங்கு வரைகூட, சமயத்தில் அதற்கும் மேல். சைலன்சரின் வடிவமே அதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே தள்ளுகிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் நன்றாக வேலை செய்யும். போதாததற்கு, இந்த இன்ஜினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் எரிகிறது. நீலமாக வருவது அதுதான்.

இதில் பழுது என்று எதுவுமே இல்லை. இதுதான் அதன் இயல்பு. என் வண்டியை உலகத்தின் ஆகச் சிறந்த மெக்கானிக் டியூன் செய்தாலும் அந்தக் கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும்.

இயல்பு ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அதிகம் தொந்தரவு செய்தது பராமரிப்பு. பராமரிக்கப் பராமரிக்கத்தான் தெரிந்தது, இன்ஜினுக்கு நல்லது என்று நாங்கள் சொல்வதில் பாதி தெருவுக்குக் கெட்டது. டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவனின் நிரந்தர பயம் பிஸ்டன் ஜாம் ஆவது. எண்ணெய் குறைந்தாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறினாலோ பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதனால் எங்கள் கைப்பழக்கமே 'கொஞ்சம் தூக்கலா' என்பதுதான். ஜெட் ஒரு சைஸ் பெரிசு, ஆயில் ஒரு மூடி அதிகம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிப்பொடி நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பதறுவோம், கொஞ்சம் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, சேஃப்பா இருக்கு என்போம். யாருக்கு சேஃப்?

ஆர்எக்ஸ் 100-இல் ஆட்டோலூப் என்று ஒரு பம்ப் உண்டு. 2டி ஆயிலுக்குத் தனி டேங்க். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பம்ப் ஆயிலை அளந்து கொடுக்கும். சும்மா நின்று உறுமும்போது ரொம்பக் குறைவு, இழுக்கும்போது அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் வயதான பம்ப்பை யாரும் நம்புவதில்லை. அதைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே நேரடியாக ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். அப்படிச் செய்தால் நிழலில் நிற்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் ஒரே அளவு ஆயில். சிக்னலில் நிற்கிற டூ ஸ்ட்ரோக் பின்னால் வருகிறவர் முகத்தில் நீலமாக ஊதுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். என் மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார்: "பம்ப்ப நம்பாத தம்பி. எப்ப கை விடும்னு தெரியாது. பெட்ரோல்ல ஊத்திக்க, கொஞ்சம் தூக்கலா ஊத்து. இன்ஜினுக்கு நல்லது." இந்த அறிவுரையில் வஞ்சகம் எதுவும் இல்லை. இன்ஜினைத் தன் குழந்தைபோல நினைக்கிறவரின் அறிவுரை. தரைத்தளத்துப் பாப்பா அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கண்ணில் பட வேண்டியது எனக்கு.

"ஒரு வண்டிப் புகையிலயா உலகம் அழியப்போகுது? லாரியப் பாரு, ஃபேக்டரியப் பாரு" என்பது எல்லாரும் சொல்வது. டெரிக் பர்ஃபிட் 1984-இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' புத்தகத்தில் இதற்கு ஒரு பிரபலமான கற்பனை இருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தலும் வலியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டுமே கூட்டுகிறது. யாரும் தனியாகக் குற்றவாளி இல்லை, ஆனால் கட்டிலில் கிடப்பவன் துடிக்கிறான். நல்ல வாதம். ஆனால் எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. மூடிய பார்க்கிங்கில், காலை ஆறரை மணிக்கு, ஆயிரம் பேரெல்லாம் கிடையாது. அந்த ஜன்னலுக்குள் போன புகையில் என் பங்கு நூற்றுக்கு நூறு.

இன்னொரு வாதம் கௌரவமானது, எனக்கு நெருக்கமானதும்கூட. இருப்பதை ஓட்டுவதுதான் பசுமை. புது வண்டி என்றால் புது இரும்பு, புது அலுமினியம், எங்கோ ஒரு சுரங்கம். உண்மைதான். உலகத்தின் கணக்கில் அது ஒரு வரவு. (அதிலும் ஆர்எக்ஸ் லிட்டருக்கு 40 தரத் திணறும், இன்றைய 100 சிசி வண்டிகள் 60-ஐத் தாண்டுகின்றன. வரவு நினைத்த அளவுக்கு இல்லை.) ஆனால் உலகத்தின் கணக்கும் தெருவின் கணக்கும் வேறு வேறு நோட்டில் இருக்கின்றன. தோண்டப்படாத பாக்சைட்டைக் காட்டி ஒரு குழந்தையின் மூச்சுத் திணறலைக் கழித்துக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். புகைச் சான்றிதழ் என் வண்டிக்குச் சுலபமாகக் கிடைக்கும். 2000 மார்ச் 31-க்கு முன்னால் தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. அதற்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக்குக்கு 3.5 சதவீதமும் 6,000-உம். சோதனையும் வண்டி நின்ற இடத்தில், ஐட்லிங்கில். மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் அது என்ன செய்கிறது என்று குழாய்க்குள் குச்சி விட்டவருக்குத் தெரியாது. புது வண்டிகளுக்கான தயாரிப்பு விதிகளைப் பார்த்தால் தூரம் புரியும். 1996-இல் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து கிலோமீட்டருக்கு 3.6 கிராம். 2020-இல் வந்த பிஎஸ் 6-இல் ஹைட்ரோகார்பன் 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம். சோதனை முறையும் மாறியிருப்பதால் நேரடியாக வகுத்துப் பார்ப்பது சரியில்லை, ஆனாலும் இருபது மடங்குக்கு மேல் என்கிற திசை தெரிகிறது. என் வண்டி அந்த 1996 விதிக்கும் முந்தையது.

ஆக, சட்டம் பழசைப் பார்த்து, நீ பிறந்த காலத்து ஒழுக்கத்தோடாவது இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறது. நியாயமான கேள்விதான், பின்னோக்கி யாரையும் தண்டிக்கக் கூடாது. டெல்லியில் இதற்கு நேர்மாறாக, 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் 2018-இல் உறுதிசெய்தது. அது வயதைக் குற்றமாக்குவது. ஒழுங்காகப் பராமரித்த நாலு ஸ்ட்ரோக்கையும் நீலப்புகை விடும் என்னுடையதையும் ஒரே தராசில் வைப்பது. இரண்டிலுமே வண்டியைத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புகை என்பது மழை மாதிரி, வரும் போகும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எக்ஸாஸ்ட் ஓட்டை எப்போது திறக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அது மழை இல்லை. முதல் பத்தியில் சொன்ன பெருமைக்கு விலை இதுதான் என்று நினைக்கிறேன். தெரியும் என்று சிரித்தவன் தெரியாது என்று நழுவ முடியாது.

பம்ப்பைத் திரும்பப் பொருத்தினேன். உள்ளே இருந்த ரப்பர் சீல்களை மாற்றி, கேபிளை இழுத்து, பம்ப்பின் சக்கரத்தில் இருக்கிற கோட்டுக்குச் சரியாக வைத்தேன். ஜெட் கம்பெனி கொடுத்த சைஸுக்கே. சைலன்சருக்குள் படிந்த கரியைச் சுரண்டியெடுத்தேன். புகை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. கண்ணுக்குத் தெரியாதது, அந்தக் கால் பங்கு, அப்படியேதான் போகிறது. அதனால் தெருமுனை தாண்டி மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போகிறேன், வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்கிறேன். இதெல்லாம் தீர்வு என்று எனக்கே தோன்றவில்லை.

விற்றுவிடலாமே என்பாள் மனைவி. ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன் வந்து பார்த்தான். வண்டியைச் சுற்றி வந்து, உட்கார்ந்து, தடவி, கடைசியில் கேட்டான், "ப்ரோ, சைலன்சர அறுத்தா சத்தம் எப்படி வரும்?" அந்தக் கையில் இது தினமும் 40 கிலோமீட்டர் ஓடும், பம்ப் மறுநாளே கழன்றுவிடும். விற்றால் என் கணக்கிலிருந்துதான் புகை போகும், காற்றிலிருந்து போகாது.

பழைய கேள்வி ஒன்றுண்டு. எல்லாப் பாகத்தையும் மாற்றிவிட்டால் அது அதே பொருள்தானா? கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். ஆர்டிஓ ஆபீஸ் அதைச் சேஸிஸ் நம்பரை வைத்து என்றைக்கோ தீர்த்துவிட்டது. எனக்குத் திருவாரூர்த் தேர்தான் ஞாபகம் வரும். அந்தத் தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்கள், ஹைட்ராலிக் பிரேக். அதே தேர்தானா என்று வடம் பிடிக்கிற யாரும் கேட்பதில்லை. ஊர் இழுக்கிறது, ஊருக்காக ஓடுகிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். என் வண்டியை இழுக்க ஊர் எதுவும் வரவில்லை. நான் ஒருத்தன் ஓட்ட, தெரு இருமுகிறது. எல்லாவற்றையும் முடிவில்லாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் உரிமை எல்லாப் பொருளுக்கும் உண்டா?

போன மாதம் கம்ப்ரெஷன் குறைந்து, சிலிண்டரைக் கழற்றி லேத்துக்குக் கொண்டு போனேன். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25 மில்லிமீட்டர், 0.50, 0.75, 1.00. என்னுடையது 0.50 முடிந்திருந்தது. இது 0.75. இன்னும் ஒன்று பாக்கி. அதற்குப் பிறகு போரிங்குக்கு இடமில்லை, மெக்கானிக் அண்ணன் அளந்துகொண்டே, "ஒண்ணும் கவலைப்படாத. ஒன் எம்எம் முடிஞ்சா ஸ்லீவ் அடிச்சிடலாம். திரும்ப ஸ்டாண்டர்டு பிஸ்டன். இன்னொரு முப்பது வருஷம் ஓடும்" என்றார்.

"ஸ்லீவ் வேணாம்ணே. ஒன் எம்எம்மோட போதும்."

அவர் கேலிப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். காசு பிரச்சினை என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்லீவுக்கு என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது, நான் பார்த்துக்கிறேன் என்றார். காசுக்கு இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சிலிண்டரின் பக்கவாட்டில் சாக்பீஸால் 75 என்று எழுதி, வரிசையில் மற்றவற்றோடு வைத்துவிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார்.